நல்ல கேமரா, நோஞ்சான் லென்ஸ்

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் பூ வியாபாரம் சூடுபிடிப்பது விடிவதற்கு முன்னால். சாமந்தி மூட்டைகள் இறங்கி, பேரம் முடிந்து, பாதிப் பூக்கள் கை மாறிய பிறகுதான் சூரியன் எட்டிப்பார்க்கும். அதுவரை வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ள மேலே தொங்கும் சில பல்புகள் மட்டுமே. ஊரில் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நிற்பதும் இங்கேதான். வாங்கியதில் என்ன குறை என்பது முதலில் தெரியவருவதும் இங்கேதான்.

கற்றுக்கொள்பவர்களுக்கென்றே விற்கப்படும் சின்ன மிரர்லெஸ் கேமராக்களில் 2023-ல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர்50-ஐ உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பேட்டரியும் கார்டும் சேர்த்து எடை 375 கிராம். படத்தில் 24.2 மெகாபிக்சல். இந்தியாவில் அறிமுகமானபோது ஒரு லென்ஸுடன் விலை முக்கால் லட்சம் ரூபாயை ஒட்டி இருந்தது. முதல் வேலையில் சேர்ந்து முதல் வருடம் மிச்சம் பிடித்தவருக்கு அது சாதாரணப் பணமல்ல.

முதலில் பலம். பழைய எஸ்எல்ஆர் கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி இருந்தது. லென்ஸ் வழியாக வரும் காட்சியை அது கண்ணுக்குத் திருப்பிவிடும். பொத்தானை அழுத்தியதும் மேலே எழும்பி வழிவிடும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சென்சாரில் விழுவதுதான் வியூஃபைண்டரில் தெரிகிறது. 2008-ல் பானசானிக் ஜி1 தொடங்கிவைத்த இந்த ஏற்பாட்டின் அருமையை லால்பாக் கண்ணாடி மாளிகையில் புரிந்துகொள்ளலாம். பின்னாலிருந்து கண்ணாடி வழியே வெளிச்சம் கொட்ட, மலர்க் கண்காட்சி பார்க்க வந்தவரின் முகம் கரியாகிவிடும். ஃபிலிம் காலத்தில் இது தெரிவது ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்ட பிறகு. இங்கே அழுத்துவதற்கு முன்பே தெரிகிறது. எக்ஸ்போஷரைக் கூட்டினால் முகம் தெளிவதையும் கண்ணெதிரே பார்க்கலாம். ஒரே மாதத்தில் வெளிச்சக் கணக்கு கைவந்துவிடும். எந்தப் புத்தகமும் இத்தனை சீக்கிரம் கற்றுத்தராது.

அடுத்தது ஃபோகஸ். கப்பன் பார்க்கில் ஓடும் குழந்தையோ நாயோ, கண் எங்கே என்று கேமராவே கண்டுபிடித்துத் துரத்துகிறது. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த, 2017-ல் மறைந்த வனவிலங்குப் புகைப்படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாளின் தலைமுறை, லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பிப் பல வருடங்களில் பழகிய வித்தை அது.

இனி மார்க்கெட்டுக்குத் திரும்பலாம். பெட்டியில் கேமராவோடு வரும் 18-45 ஜூம் லென்ஸ் 130 கிராம்தான். பையில் இருப்பதே தெரியாது. ஆனால் முழுக்க ஜூம் செய்தால் அதன் துளை எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இதைவிட 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது, அந்த லென்ஸில் 1/180 நொடியில் எடுக்க முடிகிற படத்துக்கு இந்த லென்ஸில் 1/15 நொடி வேண்டும். அதற்குள் பூத்தொடுக்கும் விரல்கள் நான்கு முறை அசைந்துவிடும். "லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே" என்பார் கடைக்காரர். இருக்கிறது, அது எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், எதிரில் இருப்பவரின் விரலை அல்ல. (கேமராவின் உடலுக்குள் ஸ்டெபிலைசர் கிடையாது என்பதையும் அவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.) ஐஎஸ்ஓவை 12,800 வரை ஏற்றிச் சமாளிக்கலாம். சாமந்தி மஞ்சளில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும்.

சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயசாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும்போதும் இதே கதைதான். பெங்களூரில் புதியவர்கள் ஆசைப்பட்டுப் படமெடுக்கும் பல காட்சிகள் இருட்டோடு சம்பந்தப்பட்டவை. விளம்பரப் படங்களிலோ எப்போதும் நல்ல வெயில்.

ஆகவே குறை கேமராவில் இல்லை, கூட வருகிற லென்ஸில். பட்ஜெட்டின் கடைசி ரூபாய் வரை கேமராவில் போட்டுவிட்டு வருகிறவர்தான் ஏமாறுகிறார். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், கேனானின் ஆர்எஃப் வரிசையில் மலிவானவற்றில் ஒன்று. எடை 160 கிராம். இந்தச் சின்ன சென்சாரில் அது 80 மி.மீ. லென்ஸ் போலக் காட்டும் என்பதால் முகங்களுக்குப் பிரமாதம். மார்க்கெட் சந்தில் பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். யாருடைய கூடையையாவது மிதிக்காமல் இருப்பது அவரவர் சாமர்த்தியம். சிக்மாவின் 18-50 எஃப் 2.8 இன்னும் வசதி, இன்னும் செலவு. இப்படி வெளி நிறுவனங்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் கேனானின் அனுமதியோடு ஆர்எஃப்புக்கு வரத் தொடங்கியதே 2024-ல்தான். அந்த விஷயத்தில் சோனிக்காரர்களுக்குப் பல வருடங்களாகவே கொண்டாட்டம்.

கேமரா வாங்குவது லென்ஸ் மாட்டும் வாயோடு செய்துகொள்ளும் கல்யாணம். கேனான் 2018-ல் விட்ட எம்50-ஐ யூட்யூப்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். 2023-ல் அந்த எம் வரிசையே முடிவுக்கு வந்தது. அதற்கென்று வாங்கிய லென்ஸ்கள் எதுவும் ஆர்50-ல் மாட்டாது. விசித்திரம் என்னவென்றால், வீட்டில் கிடக்கும் பழைய எஸ்எல்ஆரின் ஈஎஃப் லென்ஸை ஒரு அடாப்டர் போட்டு இதில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சில்லறைக் குறைகள் உண்டு. மழைக்குக் காப்பு கிடையாது. ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்களில் பெங்களூர் வானத்தை நம்பி வெளியே எடுத்துப்போவது ஆபத்து. நொடிக்கு 12 படம் என்பது உண்மைதான், ஆனால் 'ரா' வடிவத்தில் ஏழெட்டுப் படங்களிலேயே மூச்சு வாங்குகிறது. கல்யாண வீட்டுக்கு இரண்டாவது பேட்டரி அவசியம்.

இதைவிட மலிவு என்று ஆர்100-ஐ நீட்டினால், அதன் திரை திரும்பாது, தொட்டாலும் கேட்காது. சோனி இஜட்வி-இ10, நிகான் இஜட்30 இரண்டும் வீடியோவுக்கு நல்லவை. இரண்டிலும் வியூஃபைண்டர் இல்லை. மத்தியான வெயிலில் திரையை மட்டும் பார்த்து எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பது மாதிரி.

கடைக்குப் போகும்போது சொந்த மெமரி கார்டு ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. அலங்கார விளக்குகளுக்குக் கீழே வேண்டாம். கடையின் இருட்டு மூலையில், வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு ஆளை நாலைந்து படம் எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் பணம் கட்டலாம். இந்திய வாரன்ட்டியும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாமல் நாலாயிரம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.