எச்சரிக்கை முத்திரையா, நட்சத்திரமா?

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். கடையில் நின்றுகொண்டு அதை எத்தனை பேர் படிக்கிறார்கள்? படித்தாலும், 100 கிராமில் 25 கிராம் சர்க்கரை என்றால் அது அதிகமா, குறைவா என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

தென் அமெரிக்க நாடான சிலி இதற்கு ஒரு வழி கண்டது. 2012-ல் இயற்றிய சட்டத்தை 2016 ஜூனில் நடைமுறைப்படுத்தியது. சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகிய நான்கில் எது வரம்பைத் தாண்டினாலும், பாக்கெட்டின் முன்பக்கத்தில் கருப்பு நிற எண்கோண முத்திரை இருக்க வேண்டும். 'சர்க்கரை அதிகம்' என்பது போல ஒரே வரிதான். நான்கும் தாண்டினால் நான்கு முத்திரைகள். திட உணவுக்கான சர்க்கரை வரம்பு 100 கிராமுக்கு 22.5 கிராம் என்று தொடங்கி, படிப்படியாக 2019-ல் 10 கிராமுக்கு வந்தது.

பலன் என்ன? முத்திரை விழக்கூடிய பானங்களை மக்கள் வாங்கிய அளவு, முதல் ஒன்றரை ஆண்டுகளில் ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. இதில் முத்திரையின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கும், பள்ளிகளில் விற்பனைக்கும் அதே சட்டம் தடை போட்டிருந்தது.

இன்னொரு மாற்றம் கடைக்கு வெளியே நடந்தது. முத்திரைக்குப் பயந்து பல நிறுவனங்கள் சர்க்கரையையும் உப்பையும் குறைத்தன. அதனால் லேபிளையே பார்க்காதவருக்கும் கொஞ்சம் நன்மை கிடைத்தது. குறையும் உண்டு. சர்க்கரை போன இடத்தில் செயற்கை இனிப்பூட்டிகள் வந்து உட்கார்ந்தன. சிலியில் அவற்றுக்கு முத்திரை இல்லை. 2020-ல் இதே முறையைக் கொண்டுவந்த மெக்சிகோ, இனிப்பூட்டி உள்ள உணவு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையையும் சேர்த்து அந்த ஓட்டையை அடைத்தது.

இந்தியாவிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு, எச்சரிக்கைக்குப் பதிலாக அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரச் சொன்னது. சிக்கல் இங்கேதான். அந்தக் கணக்கில் பழம், பருப்பு, நார்ச்சத்து, புரதம் ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண் உண்டு. ஆக, கொஞ்சம் நார்ச்சத்தைச் சேர்த்து சர்க்கரைக்கான மதிப்பெண்ணை ஈடுகட்டலாம். கடைசியில் பாக்கெட்டில் தெரிவது நட்சத்திரம் மட்டுமே. நட்சத்திரம் என்றாலே நம் மனதில் பாராட்டுதான். ஒன்றரை நட்சத்திரம் வாங்கிய சிப்ஸ்கூட ஏதோ பரிசு வாங்கியது போலத் தெரியும்.

எச்சரிக்கை முத்திரை யாருடைய உரிமையையும் பறிப்பதில்லை. வேண்டுமென்றால் வாங்கிச் சாப்பிடலாம். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவோம், அவ்வளவுதான். சர்க்கரை நோய் இவ்வளவு பரவியுள்ள நாட்டில், 'இதில் சர்க்கரை அதிகம்' என்று நேராகச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்?