தாடைக்கு முன் தொட்டியைப் பாருங்கள்

வாயில் இரை எதுவும் இல்லாதபோதும் எதையோ மென்றுகொண்டிருக்கிறது என்ற குறையோடு வளர்ப்பு ஆமைகள் சிகிச்சைக்கு வருவது நம் தொழிலுக்குப் புதிதல்ல. தவளக்குப்பம் போல, கடலூர் சாலையை ஒட்டி வீடுகள் பெருகிவரும் ஊர்களில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்குவது பெரும்பாலும் சிவப்புக்காது ஆமைக் குஞ்சுதான். மாட்டிலும் ஆட்டிலும் நாயிலும் தேர்ந்த கை அந்த ஆமையைக் கண்டதும் உடனே வாயைத் திறந்து பார்க்க முயல்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் வைட்டமின் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் போட்டு அனுப்பிவிடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். மெல்லுதல் ஓர் அறிகுறி மட்டுமே. அதன் பொருள் பெரும்பாலும் ஆமை வாழும் தொட்டியில்தான் கிடைக்கும்.

முதலில், எது இயல்பு என்று தெரிந்திருக்க வேண்டும். ஆமையின் விலா எலும்புகள் ஓட்டோடு ஒன்றிவிட்டவை. கைகால் இணைப்புத் தசைகளும் வயிற்றுத் தசைகளும்தான் அதன் நுரையீரலை இயக்குகின்றன. அதனால், மூச்சு என்று உரிமையாளர் எண்ணும் தொண்டைத் துடிப்பு பெரும்பாலும் மோப்பம் பிடிப்பதற்கானது. நீராமையின் நாக்கு அதிகம் அசையாது. நீரின் துணையோடுதான் அது விழுங்கும். இரை எடுத்த பின் சற்று நேரம் அலகை அசைத்துத் துணுக்குகளை வெளியேற்றும். உரிந்த தோலையும் கடித்துத் தின்னும். இவை எதற்கும் மருந்து வேண்டாம். ஆனால் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தபடி இருப்பது, மூக்கில் குமிழி வருவது, நீந்தும்போது ஒரு பக்கம் சாய்வது ஆகியவை சேர்ந்து வந்தால் நுரையீரல் அழற்சியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மேசைமேல் வைத்த ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த வேறுபாடு அங்கே தெரியாது. வீட்டில் எடுத்த செல்பேசிக் காணொளியில் தெரியும்.

அடுத்தது கூழாங்கல்லையும் தொட்டியின் விளிம்பையும் கடிப்பது. காட்டு ஆமைகளும் மண்ணும் கல்லும் தின்பதுண்டு. ஒரு கல்லைக் கடித்ததாலேயே கால்சியம் குறைவு என்று முடிவு கட்டக்கூடாது. ஆனால் ஓடு விரலுக்கு நெகிழ்ந்தால், கீழ்த்தாடை வளைந்தால், அலகு கோணலாக வளர்ந்திருந்தால் கதை வேறு. காய்ந்த இறால் மட்டுமே தீனியாகவும் வீட்டுக் குழல்விளக்கு மட்டுமே வெளிச்சமாகவும் வளரும் ஆமைக்கு இந்த நிலை வருவதில் வியப்பில்லை. வைட்டமின் டி3 உருவாகத் தேவையான புற ஊதா-பி கதிர் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. சன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். சன்னலோரத் தொட்டியைக் காட்டி ‘நல்ல வெயில் படுகிறது’ என்று உரிமையாளர் சொல்வது உண்மைதான். ஆமைக்கு வேண்டிய கதிர் அதில் இல்லை. அதே தீனியில் வைட்டமின் ஏ குறைந்தால் வாயின் உட்பரப்பு தடித்துப் புண்ணாகும், இமை வீங்கும், தாடை மூட்டை ஒட்டிய காதில் சீழ் கட்டும். வலிக்கும் வாய் ஓயாமல் அசையும். விழுங்கிய கல் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். நம் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை உப்புப் போக ஊறவைத்துத் தொட்டியில் போட்டால் அது கடிக்கக் கால்சியமாகவும் அலகு தேயக் கல்லாகவும் உதவும். இதைவிட மலிவான மருந்து இல்லை.

கூட்டம் நிறைந்த சிகிச்சையகத்தில் தொட்டியைப் பற்றி விசாரிக்க நேரம் ஏது, வந்தவர் மறுபடி வருவாரா, ஊசி போட்டால் கெடுதலா என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. அளவு மீறிய வைட்டமின் ஏ ஊசியால் ஆமையின் தோல் உரிந்து புண்ணாகும். ஆடுமாடுகளுக்குப் பழகிய ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு; தசைச் செயலிழப்பும் மரணமும் வரும். குளிர்ந்த நீரில் கிடக்கும் ஆமையின் உடல் ஆன்டிபயாட்டிக்கையும் மெதுவாகவே கையாளும். மார்கழியில் தொட்டி நீர் 24 டிகிரிக்குக் கீழே இறங்கும் வீடுகளில் ஹீட்டரைச் சொல்லாமல் மருந்தை மட்டும் சொல்வது பாதி சிகிச்சைகூட ஆகாது. நீரின் சூடு, தீனி, வெளிச்சம், தரையில் என்ன பரப்பியிருக்கிறது என்ற நான்கு கேள்விகளை வரவேற்பறையிலேயே கேட்டு எழுதிவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் இனத்தை அறிய வேண்டும். குளத்தில் பிடித்த பாலாமையும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சட்டம் பேசினால் யாரும் ஆமையைக் கொண்டு வரமாட்டார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே வலியைத் தணிக்கும் சிகிச்சை முதலில், வனத்துறையிடம் ஒப்படைக்கும் பேச்சு அதன்பின் என்பதே சரியான முறை. சிவப்புக்காது ஆமையின் சிக்கல் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இறக்குமதியை நிறுத்திய இனம் அது; உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலிலும் இருக்கிறது. மெல்லுவதன் காரணம் புரியாமல் சலித்துப்போன உரிமையாளர் அதைச் சுண்ணாம்பாற்றிலோ கோயில் குளத்திலோ விட்டுவிட்டால், பாதிப்பு அங்கே ஏற்கெனவே வாழும் ஆமைகளுக்குத்தான். அதை விடக்கூடாது என்பதையும் மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரலாம்.