தொழில் உலகம்: பட்டிக்குக் கீழே

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் சென்ற கோடையில் நம்மைத் தேடி வந்தார். முகத்தில் கவலை. கல்லூரியில் ஓராண்டு படித்த அவருடைய மகன், படிப்பை நிறுத்திவிட்டுக் குர்லாவில் ஒரு மோட்டார் பட்டறையில் டிங்கர் வேலை கற்கச் சேர்ந்துவிட்டானாம். "மாதுங்காவுக்கு வந்து மூன்று தலைமுறையாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த குடும்பம், இவன் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்" என்று குறைப்பட்டுக்கொண்டார். பையன் செய்யும் வேலை இன்னதென்று அறியாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று. ஆகவே அவரையும் அழைத்துக்கொண்டு நாம் அந்தப் பட்டறைக்கே சென்றோம். அங்கே கண்டவற்றை இம்மாதம் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

பட்டறையின் நடுவே, சக்கரங்கள் கழற்றப்பட்டு நான்கு தாங்கிகளின் மேல் நின்றது ஒரு பழைய போர்ஷ் 911 பந்தயக் கார். 1970களின் தொடக்கத்தில் உருவானது. அதன் மட்கார்டு விளிம்புகளை வெட்டியெடுத்து, அவ்விடத்தில் வெளிப்புறம் புடைத்த அகலமான எஃகு வளைவுகளைப் பற்றவைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

எதற்காக இந்தப் புடைப்பு என்று கேட்கத் தோன்றும். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த போர்ஷ் நிறுவனம் 1963-இல் இக்காரை முதன்முதலில் காட்சிக்கு வைத்தபோது அதன் உடல் ஒடுக்கமாகவே இருந்தது. பந்தயத்தில் வளைவுகளை விரைந்து கடக்க வேண்டுமானால் சாலையைக் கவ்விப் பிடிக்கும் அகன்ற டயர் வேண்டும். அகன்ற டயர் ஒடுங்கிய மட்கார்டில் உரசும். அல்லது வெளியே நீட்டிக்கொண்டு கல்லையும் சேற்றையும் வாரியிறைக்கும். எனவே 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வெளியான கரேரா ஆர்.எஸ். 2.7 என்னும் மாதிரியில், முன்சக்கரத்துக்கு 6 அங்குல அகலமும் பின்சக்கரத்துக்கு 7 அங்குல அகலமும் கொடுத்து, பின் வளைவுகளைத் தொழிற்சாலையிலேயே விரித்து அமைத்தார்கள். 500 கார்கள் என்று திட்டமிட்டது 1,580 வரை போயிற்று. அது முதல் ஒடுங்கிய கார் வைத்திருப்போர் பலருக்கும் அந்தத் தோற்றத்தின் மேல் ஓர் ஆசை.

ஆசைக்கு முன்னே சட்டம் நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. மேலும் 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த கார் 'விண்டேஜ்' பதிவு பெற வேண்டுமானால் அதன் அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. இவற்றையெல்லாம் பட்டறைத் தலைவர் உரிமையாளரிடம் முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவிட்டாராம். இந்தக் கார் இனிச் சாலையில் ஓடாது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு லாரியில் ஏற்றிச் செல்வதற்காகவே உருவாகிறது. "வெட்டின பிறகு யோசிக்க முடியாது ஐயா. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது; கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். பின்பக்கம் உடம்போடு ஒட்டினது, அங்கே வெட்டினால் வெட்டினதுதான்" என்றார் அவர். திருநெல்வேலிக்காரர், தாராவியில் குடியிருப்பவர், பையன் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைக்கிறான்.

வேலை வெட்டுவதில் தொடங்குவதில்லை, அளப்பதில் தொடங்குகிறது. சுருள்வில்லோ முறுக்குத் தண்டோ தடுக்காதபடி செய்து, மாட்டவிருக்கும் சக்கரத்தையே மாட்டி, மேடு பள்ளத்தில் அது எவ்வளவு உயரம் ஏறுமோ அவ்வளவு உயர்த்திப் பார்க்கிறார்கள். முன்சக்கரத்தை இருபுறமும் முழுதாகத் திருப்பியும் பார்க்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு அட்டையில் அச்சு வெட்டி, அதையே புரட்டி மறுபக்கத்தில் வைத்துக் கோடிடுகிறார்கள். கண்ணை நம்பினால் இடம் ஒன்றும் வலம் ஒன்றுமாகிவிடுமாம். பின்பக்கத்தில் வெளித்தகடு மட்டுமன்று, சக்கரக் கூட்டின் உள்தகடும் உண்டு. வெளித்தகட்டை விரித்துவிட்டு உள்தகட்டை விட்டுவிட்டால் இடையே வாய் பிளந்து நிற்கும். ஆகவே உள்தகட்டையும் கீறி, வளைத்து, துண்டு சேர்த்து விளிம்பில் இணைக்க வேண்டும்.

பிறகே பற்றவைப்பு. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு அது. இரண்டு விளிம்புகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றாமல், மயிரிழை இடைவெளியுடன் முனையோடு முனையாக நிறுத்துகிறார்கள். ஏற்றி ஒட்டினால் எளிது. ஆனால் இரு தகடுகளுக்கும் நடுவே நீர் தங்கும். பம்பாய் மழையும் கடற்காற்றும் அறிந்தவர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டுவதில்லை. பின்னர் மிக் வெல்டிங் கருவியால் ஒரு பொட்டு இந்த முனையில், ஒரு பொட்டு அந்த முனையில், ஒன்று நடுவில். பிறகு ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் ஒன்று. ஒவ்வொரு பொட்டும் கை வைக்குமளவு ஆறிய பின்னரே அதன் அருகில் அடுத்தது. இப்படி ஒரு வளைவுக்கே ஒரு நாள் போய்விடுகிறது.

இத்தனை நிதானம் ஏன் என்பதைப் பையனே விளக்கினான். 100 மில்லிமீட்டர் எஃகை 1,000 பாகை சூடாக்கினால் அது 1 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆனால் தகட்டின் நடுவே சூடான இடம் நீள வழியில்லை. சுற்றிலும் குளிர்ந்த உலோகம் நெருக்கிப் பிடித்திருக்கிறது. ஆகவே இளகிய இடம் தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கிறது. ஆறும்போதோ முன்னிருந்ததைவிடச் சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டை இழுக்கிறது. அந்த இழுப்பில் தகடு அலையலையாக நெளிகிறது.

"இதை நீ எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்றார் தந்தை. பையன் தலை குனிந்தான். "இடது பின்பக்கத்தில் படித்தேன் அப்பா" என்றான்.

நடந்தது இதுதான். ஒரு மாலை, அண்ணாச்சி வெளியே போயிருந்தபோது, விரைவாக முடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆவலில் அவன் ஒரு சாண் நீளத்தை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பற்றவைத்துவிட்டான். வளைவின் மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு குழிந்தது. பயந்துபோய், கிரைண்டரால் தேய்த்துப் பட்டி பூசி மறைத்தான். மறுநாள் அண்ணாச்சி விரல் முட்டியால் அந்த இடத்தைத் தட்டினார். மற்ற இடங்களில் கணீரென்ற தகடு அங்கே ஊமையாக ஒலித்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. பட்டியைச் சுரண்டச் சொன்னார். "தம்பி, பெயின்ட் அடித்துக் கொடுத்தால் இரண்டு மழைக்காலம் யாருக்கும் தெரியாது. மூன்றாவது மழையில் கார்க்காரருக்குத் தெரியும். உனக்கு இன்றைக்கே தெரியும்" என்றாராம். பிறகு அந்த இடத்தையே வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைத்துத் தைக்கச் சொன்னார். வெட்டிய துண்டு இன்றும் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது; மாட்டியவன் பையனே.

நாம் சென்ற அன்று அவன் அந்தத் தையலைச் சீர்செய்துகொண்டிருந்தான். உட்புறம் 'டாலி' என்னும் கைக்கடக்கமான எஃகுக் கட்டையை அண்டக் கொடுத்து, வெளியே சுத்தியலால் மெல்லத் தட்டுகிறான். சுருங்கிய தையல் சிறிது சிறிதாக விரிந்து இழுப்புத் தளர்கிறது. அப்பாலும் மேடு மட்டுமே தேய்க்கப்படுகிறது. கிரைண்டரை ஓரிடத்தில் அழுத்தி நிறுத்தினால் தகடு நீலம் பாரித்துவிடும், அந்தச் சூடும் நெளிவைக் கொணரும், தகடும் மெலியும்.

பட்டி என்பதே தீது என்று நாம் கருத வேண்டியதில்லை. நன்கு தட்டிச் சமன் செய்த தகட்டின் மேல், துருத்தடுக்கும் பிரைமருக்குப் பிறகு, மெல்லிய பூச்சாக அது ஏறலாம். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிழை பட்டியில் இல்லை, தகட்டில் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அதன் மேல் கறுப்புச் சாயத்தைப் புகைபோலத் தூவி, நீண்ட கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்க்கிறார்கள். மேட்டில் கறுப்பு அழியும், பள்ளத்தில் நிற்கும். கடைசியில், பார்வைக்குப் படாத உட்புறத்தில் தையல் முழுவதும் அடைப்புப் பசை, கல்லடி தாங்கும் பூச்சு, இடுக்குகளுக்குள் மெழுகு. சக்கரம் நீரை வாரியடிப்பது அங்கேதான். துரு பிறப்பதும் அங்கேதான்.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் சென்றோம். வளைவுகள் சாம்பல் நிறப் பிரைமருடன் நின்றன. அண்ணாச்சி ஒரு மெல்லிய துணியைத் தந்தையின் கையில் கொடுத்து, அதை இடையே வைத்து இடது பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார்; துணியிருந்தால் விரல் வழுக்கிச் செல்லும், மேடு பள்ளம் தெளிவாகத் தெரியுமாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். தையல் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் தடவினார். பிறகு மகனைப் பார்த்து, "கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி எல்லாம் போடுகிறாயா?" என்று மட்டும் கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்வி அதுவே. பற்றவைப்பின் ஒளியை வெறுங்கண்ணால் கண்டால் இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும்; துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலைத் தரும். பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பும் பெற்றோர் முதலில் இவற்றுக்குக் காப்பு உண்டா என்று பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.களில் வெல்டர் பிரிவுக்கு ஓராண்டுப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். கையில் தொழிலிருந்தும் காகிதமில்லாமல் அவதிப்படுவோரை நாம் அறிவோம். அதன் பிறகு, கற்பிக்கும் ஆசானிடம் ஒன்றைக் கவனியுங்கள்: பையன் தவறினால் பட்டி பூசச் சொல்கிறாரா, வெட்டியெடுத்து மீண்டும் செய்யச் சொல்கிறாரா? பின்னவரானால், உங்கள் பிள்ளையை அச்சமின்றி அவரிடம் விட்டுவரலாம்.