கட்டிலும் காலடியும்

நோயாளி என்றவுடன் நம் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது கட்டில்தான். புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டினுள் நுழைந்துவிட்டாலோ, அக்கட்டிலைச் சுற்றி அன்பே ஒரு வேலியாகி விடுகின்றது. "அம்மா, நீங்கள் எழும்பாதையுங்கோ, தண்ணி நான் கொண்டுவாறன்" என்கிறாள் மகள். அன்பிற் பிறந்த சொற்களே அவை, ஐயமில்லை. ஆயினும், சிகிச்சை முடிந்து மாதங்கள் பல கடந்த பின்னரும் அதே கட்டிலில் ஒருவர் கிடக்கக் காணுந்தோறும், அந்த அன்பு நன்மைதான் செய்கின்றதா என்ற கேள்வி நெஞ்சில் எழாமற் போவதில்லை.

ஒரு காலத்தில் வைத்தியர்களும் அம்மகளின் பக்கமே நின்றனர். மார்புப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றிக்கொண்ட பெண்கள் கையால் கடினமான வேலை செய்தால், கை வீங்கிவிடும் என்று எச்சரிக்கப்பட்டனர். 1996ஆம் ஆண்டில், கனடாவின் வன்கூவர் நகரில், டொன் மெக்கென்சி என்ற வைத்தியர் இந்த அச்சத்தைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். அத்தகைய 24 பெண்களைப் பயிற்றி, துடுப்பு வலித்துச் செலுத்தும் டிராகன் படகில் ஏற்றினார். அவர்களுள் எவருக்கும் புதிதாகக் கைவீக்கம் தோன்றவில்லை. இன்று பல நாடுகளின் நீர்நிலைகளில் இத்தகைய படகுக் குழுக்கள் துடுப்பு வலிக்கின்றன.

அச்சத்தை நீக்கியது அந்தப் படகு. ஆயுளையே நீட்டலாம் என்பதைக் காட்டியது பிறிதோர் ஆராய்ச்சி. பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் இரசாயன சிகிச்சையும் பெற்று முடித்த 889 பேரை, பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும், இரு பிரிவாக வகுத்தனர். 2009இல் தொடங்கிய இம்முயற்சியின் முடிவு 2025இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகள் முறையான தேகப்பயிற்சித் திட்டத்தில் இருந்தோருள், ஐந்தாண்டுகளின் பின் நோய் மீளாது வாழ்ந்தோர் 80.3 வீதம், மற்றையோருள் 73.9 வீதம். எட்டாண்டுகளின் பின் உயிரோடிருந்தோர் முறையே 90.3 வீதமும் 83.2 வீதமும் ஆவர். நூறு பேருக்கு ஏழு பேர் அதிகம்! ஏழு குடும்பங்களின் விளக்கு அணையாதிருந்தது என்று பொருள்.

இங்கே வாசகர் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மற்றைப் பிரிவினரையும் எவரும் சும்மா விட்டுவிடவில்லை. தேகப்பயிற்சியின் நன்மையை விளக்கும் ஏடுகள் அவர்களுக்கும் வழங்கப்பட்டன. முதற் பிரிவினருக்கு வாய்த்ததோ ஒரு துணைவர். முன்னே இருந்து பயிற்றி, தளர்ந்த வேளையில் ஊக்கி, மூன்றாண்டுகள் கைவிடாது தொடர்ந்த ஒருவர். "நடவுங்கள்" என்று சொல்லி அனுப்புவதற்கும் கூடவே நடப்பதற்கும் உள்ள தூரம் அந்த ஏழு உயிர்களின் தூரம் என்பேன்.

களைத்துக் கிடப்பவரை ஏன் வருத்த வேண்டும் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால், புற்றுநோயாளரின் களைப்பு உறங்கியெழுந்தால் தீரும் களைப்பன்று. அளவான பயிற்சியே அதனைத் தணிக்கின்றது. வாரம் மூன்று முறை, முறைக்கு 30 நிமிடம், மிதமாக உடலை வருத்தினால் களைப்பும் மனச்சோர்வும் குறையும் என்று 2019இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி எடுத்துரைத்தனர். இதில் தீங்கே இல்லை என்பதும் பொய். அந்த ஆராய்ச்சியிலேயே, பயிற்சி செய்தோருள் 18.5 வீதத்தினருக்குத் தசை, மூட்டு உபாதைகள் உண்டாயின, மற்றையோருள் 11.5 வீதத்தினருக்கு மட்டுமே. எலும்பிற் பரவிய நோயுடையார்க்கும் குருதி குன்றியோர்க்கும் வைத்தியரின் அனுமதி இன்றியமையாதது. பெருங்குடல் நோயிற் கண்ட பலனை எல்லாப் புற்றுநோய்க்கும் உரித்தாக்கிவிடவும் கூடாது. நடக்க இயலாதவரைச் சோம்பேறி என்று பழித்தலோ பெரும் பாவம். இவையனைத்தும் பயிற்றத் தெரிந்த துணைவர் ஒருவரின் தேவையை மேலும் வற்புறுத்துகின்றனவேயன்றி மறுக்கவில்லை.

நம் நாட்டாருக்கு இது புதுமையன்று. 2011ஆம் ஆண்டில், தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டவென்று, தெற்கே தெவிநுவரை முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்தனர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வெயிலிற் சேர்ந்து நடந்தார்கள். நோயாளிக்காக ஒரு நாடே நடந்தது. இனி, நோயாளியோடு நடக்க வேண்டும்.

அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. கிளினிக்கில் எழுதிக் கொடுக்கும் மருந்துத் துண்டில் நடைக்கும் ஒரு வரி இருக்கட்டும்; அந்த வரியைக் கவனிக்க, பயிற்சி பெற்ற ஓர் இயன்மருத்துவர் இருக்கட்டும். வைத்தியசாலை விறாந்தையே பயிற்சிக்கூடமாகட்டும். வீட்டிலோ, அந்த மகள் தண்ணீர்ச் செம்பைக் கட்டிலருகே கொண்டுவருவதற்குப் பதிலாகத் தாயின் கையைப் பற்றி, "வாங்கோ அம்மா, கிணற்றடி மட்டும் போய் வருவம்" என்று அழைக்கட்டும். அன்பு குறைந்துவிடாது; எழுந்து நடக்கும்.