புத்தகம் இல்லாமல் இங்கிலீஷ்! ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்குமா?

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. சாமையும் தேனும் பலாவும் புளியும் விளையும் மலை. அங்கே காவலூரில் பெரிய விண்வெளி ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2.3 மீட்டர் குறுக்களவு கொண்ட தொலைநோக்கி 1986-ம் ஆண்டு முதல் நட்சத்திரங்களைப் பார்த்துக் கொண்டிருக்கிறது.

அதே மலையில், "ஏ, பி, சி" என்ற எழுத்தைப் பார்த்து மிரளும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

இந்த மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு "மலையாளிகள்" என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல. இவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று இவர்களிடையே ஒரு கதை உண்டு.

இரண்டு செய்திகள்

2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் உண்டு. பிழைப்புக்கு வழி தேடிப் போனவர்கள், பிணமாகத் திரும்பினார்கள்.

2024 பிப்ரவரியில் வேறொரு செய்தி வந்தது. ஜவ்வாது மலையை அடுத்த புலியூர் கிராமத்து ஸ்ரீபதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதி தேர்வில் வென்றார். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் உள்ள முன்னுரிமை இதற்கு உதவியது என்று முதலமைச்சர் தமது பாராட்டில் குறிப்பிட்டார்.

இரண்டுக்கும் இடையே இருப்பது படிப்பு. அந்தப் படிப்பில் பலரைத் தடுக்கி விழச் செய்யும் கல், இங்கிலீஷ்.

கார்டு முறை

புத்தகத்தைத் தூக்காமலே படிக்கலாம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் "செயல்வழிக் கற்றல்" தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் கண்ட முறையே இதற்கு வழிகாட்டி. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் பரவியது.

பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். சுவரில் ஏணி போன்ற படம் மாட்டினார்கள். பிள்ளை தன் படியைப் பார்த்து, தனக்குரிய அட்டையை எடுத்துக் கொள்ளும். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார்.

ஒரே அறையில் பல வகுப்புகள் நடக்கும் மலைப் பள்ளிக்கு இது பொருத்தமான ஏற்பாடு. பத்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளையும், விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

ஆனால் இங்கிலீஷில் ஒரு சிக்கல் எழுந்தது. அட்டை பேசாது! தமிழ் அட்டையைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் வீட்டிலேயே தெரியும். இங்கிலீஷ் சொல்லை யாராவது வாயால் சொன்னால்தானே தெரியும்?

முதலில் காது

இதற்கு விடை சொன்னவர்களும் உண்டு. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜேம்ஸ் ஆஷர், "சொல்வதைச் செய்" என்ற முறையை 1960-களில் வகுத்தார். "ஸ்டாண்ட்" என்றால் நிற்க வேண்டும். "ஜம்ப்" என்றால் குதிக்க வேண்டும். பேசு என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். காது பழகிய பிறகு வாய் தானே திறக்கும்.

1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு, பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் வேறொரு சோதனை செய்தார். இலக்கணத்தை ஒதுக்கி வைத்தார். வரைபடத்தில் வழி கண்டுபிடி, ரயில் நேரத்தைக் கணக்கிடு என்று வேலை கொடுத்தார். வேலையில் மூழ்கிய பிள்ளைகளிடம் மொழி தானாக ஒட்டிக் கொண்டது.

மலையிலும் இது முடியும். பஸ், ரோடு, டீ, டார்ச், போன், டிக்கெட். இவை மலைப் பிள்ளைக்கும் தெரிந்த இங்கிலீஷ்தானே? தெரிந்ததிலிருந்து தொடங்கினால் பயம் போய்விடும். பிறகு முற்றத்துக்கு வந்தால் ஆடு இருக்கிறது, மரம் இருக்கிறது, மழை இருக்கிறது. தொட்டுக் காட்டிச் சொன்ன சொல் மறக்காது.

பெற்றோர் கேள்வி

"புத்தகம் இல்லாத படிப்பும் ஒரு படிப்பா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. புத்தகம் வீட்டுக்கு வரும்; அண்ணனும் அக்காவும் சொல்லிக் கொடுப்பார்கள். ஆசிரியர் வராத நாளிலும் புத்தகம் கையில் இருக்கும்.

புத்தகமும் இல்லை, ஆசிரியரும் இல்லை என்றால் அது முறை அல்ல, மோசம்.

ஆகவே புத்தகத்தை ஒழிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது. அதைத் தள்ளி வைப்பதுதான் நோக்கம். முதலில் காது, பிறகு வாய், அதன் பிறகு கண், கடைசியில் கை. தாய்மொழியை நாம் இப்படித்தானே கற்றோம்?

ஆசிரியரே புத்தகம்

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் தமிழக அரசு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் தொடங்கியது. தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூன்றையும் பாட்டு, விளையாட்டு, பயிற்சி நூல் மூலம் சொல்லித்தரும் திட்டம் இது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள்.

எந்தத் திட்டமானாலும் அதன் உயிர் ஆசிரியரிடம் இருக்கிறது. புத்தகம் இல்லாத வகுப்பில் ஆசிரியரே புத்தகம். அவருக்கு இங்கிலீஷ் தயக்கமின்றி வரவேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும். அவர் மலையிலேயே தங்க வேண்டும். அதற்கு நல்ல குடியிருப்பு வேண்டும். மலையில் பிறந்து படித்தவர்களே ஆசிரியராகத் திரும்பினால் இன்னும் நல்லது.

காவலூர் தொலைநோக்கி எட்டாத நட்சத்திரத்தைக் கிட்டக் கொண்டு வருகிறது. மலைப் பிள்ளைக்கு இங்கிலீஷைக் கிட்டக் கொண்டு வர அவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. தினமும் வந்து, பாயில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு பேசும் ஓர் ஆசிரியர் போதும்.