ஆலங்கட்டியும் கூரையும்

1999 ஏப்ரல் 14 மாலை, ஆலங்கட்டிப் பருவம் கழிந்துவிட்டதென்று ஜனங்கள் நிம்மதியாயிருந்த சிட்னி நகரின் கிழக்குப் பகுதிகளில், சுமார் ஒன்பது சென்டிமீட்டர் வரை பருமனுள்ள பனிக்கட்டிகள் பொழிந்து கூரைகளை நொறுக்கியதில், இன்ஷூரன்ஸ் நஷ்டம் மாத்திரம் ஏறத்தாழ 170 கோடி ஆஸ்திரேலிய டாலரை எட்டியது. அத்தகைய அபாயம் எந்த மாதத்திலும் நேரக்கூடுமாதலால், அந்நகரத்து வீட்டுக்காரர்களுக்கு நாம் வற்புறுத்துவது, புயல் ஓய்ந்ததும் ஈரக் கூரைமீது தாமே ஏறிப் பிராணாபத்தைத் தேடிக்கொள்ளாமல், தரையில் நின்றே சேதத்தைப் படமெடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதமின்றித் தெரிவித்து, நீர் புகாதபடி தார்ப்பாய் போடுவித்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டுமென்பதே. கூரையைப் பழுதுபார்ப்பதாகச் சொல்லி வாசலில் வந்து முன்பணம் கேட்கும் அந்நியரிடம் அவசரப்பட்டுக் கையொப்பமிடலாகாது. அவர்களைச் சரிபார்த்துக்கொள்ள, லைசென்ஸ் பெற்ற கட்டட வேலைக்காரர்களின் பதிவேட்டை நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கமே பகிரங்கமாக வைத்திருக்கிறது. பாலிசித் தொகை இன்றைய கட்டுமானச் செலவுக்குப் போதுமா என்பதையும் இப்போதே விசாரித்துக்கொள்வது அவசியம்.