கல்லு மாதிரி காற்று

"கல்லு மாதிரி இருக்கணும் தம்பி, அப்பத்தான் பறக்கும்" என்றார் கடைக்காரர். அறந்தாங்கியில் ஒரு சைக்கிள் கடை வாசல். நண்பனிடம் இரவல் வாங்கிய ரேஸ் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்றிருந்தான் என் அக்கா மகன். டயரின் அகலம் 25 மில்லிமீட்டர். அதன் விலாவில் 120 பிஎஸ்ஐ என்று அச்சாகியிருந்தது. அவ்வளவும் அடிக்க வேண்டும் என்று கடைக்காரரும் நினைத்தார், இவனும் நினைத்தான். உண்மையில் அது உச்ச வரம்பு, அதற்கு மேல் போகாதே என்ற எச்சரிக்கை. பம்பின் முள் 120-ஐத் தொட்டது. கடைக்காரர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், இம்மியும் அமுங்கவில்லை. விரலால் சுண்டினார், டங்கென்று கேட்டது.

அங்கிருந்து ஆவுடையார்கோவிலுக்குப் பதினைந்து கிலோமீட்டர் வரும். வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், சொம்பைத் தூக்கும்போது தண்ணீர் சிந்தியது. "கையெல்லாம் மரத்துப்போச்சு மாமா. ஆனா செம ஸ்பீடு."

அந்த "ஆனா"வை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேகம் வேண்டுமென்றால் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுகமாக உட்கார வேண்டுமென்றால் வேகத்தை மறந்துவிட வேண்டும். சைக்கிள் வாங்கப் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். விற்கிறவர்களும் நம்புகிறார்கள். மெல்லிய டயர், இறுகிய காற்று, தாழ்ந்த ஹேண்டில்பார், விரலால் தூக்குகிற எடை: இவை நான்கும் சேர்ந்தால் வேகம் என்பது கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. தார் பெயர்ந்து சல்லி துருத்தி நிற்கும் நம்மூர் ரோட்டில் இன்னும் பெரிய தப்பு. அவன் கை மரத்துப்போனது வேகத்துக்குக் கொடுத்த விலை இல்லை. அவன் மிதித்த மிதி எங்கே வீணாகப் போனது என்பதற்கான சாட்சி.

ரோட்டில் ஒரு சல்லி துருத்திக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். டயர் கொஞ்சம் இளகி இருந்தால், சல்லி அதற்குள் புதைந்து மறுபக்கம் வெளியே வரும். வண்டி தன் மட்டத்தில் போய்க்கொண்டே இருக்கும். டயர் கல்லாக இருந்தால் சல்லியும் அமுங்காது, டயரும் அமுங்காது. வண்டியும் ஆளுமாக எண்பது கிலோவும் மேலே எழும்பித்தான் ஆக வேண்டும். ஒரு மில்லிமீட்டர்தான் என்றாலும் அதைத் தூக்கும் சக்தி காலிலிருந்துதான் போகிறது. சரி, கீழே இறங்கும்போது அது திரும்பி வராதா? பெரும்பகுதி வராது. தசையும் குடலும் கொழுப்பும் குலுங்கிக் குலுங்கி அதைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடுகின்றன. அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவிலுக்குள் இப்படி எத்தனை ஆயிரம் சல்லி!

காற்று இறுக இறுக வேகம் என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டயர்களை வழவழப்பான எஃகு உருளையின்மேல் உருட்டித்தான் நெடுங்காலம் அளந்தார்கள். அங்கே காற்று ஏற ஏற உருள்வதற்கான தடை குறைந்துகொண்டே வந்தது. அளவு பொய்யில்லை. ஆனால் அந்த உருளையில் சல்லி இல்லை, அந்தச் சக்கரத்தின்மேல் மனித உடம்பும் இல்லை. ஆளை ஏற்றி, நிஜ ரோட்டில் அளக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது: ஓர் அளவு வரைக்கும் காற்று ஏற்றினால் லாபம், அதைத் தாண்டினால் தடை மறுபடியும் ஏறுகிறது, அதுவும் விறுவிறுவென்று. ரோடு எவ்வளவு சொரசொரப்போ அந்த எல்லை அவ்வளவு சீக்கிரம் வந்துவிடும்.

அகலத்தின் கதையும் இதே மாதிரிதான். ஒரே அளவு காற்றில் அகல டயரும் ஒல்லி டயரும் ரோட்டைத் தொடுகிற பரப்பு ஏறத்தாழ ஒன்றுதான். சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருகிற பரப்பு அது. ஒல்லி டயரில் அந்தத் தடம் நீளமாக விழுகிறது, அகல டயரில் குட்டையாக விழுகிறது. குட்டைத் தடத்தில் டயரின் விலா குறைவாக மடங்குகிறது, அதனால் இழப்பும் குறைவு. ஆக, அகல டயர் மெதுவாக ஓடும் என்பதே கண்ணால் பார்த்துச் செய்த ஊகம். மெலிந்தது வேகமாகப் போகும் என்று நம் கண் சொல்கிறது. கருங்கல்லை மரச்சட்டம் போல இழைத்து, கம்பியும் ஆணியும் தெரிய மெலிதாக்கிய கொடுங்கை (கூரை விளிம்பு) எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு மெலிவின்மேல் மோகம் இருப்பது இயல்பு. ஆனால் கொடுங்கை இருந்த இடத்தில் இருக்கிறது. டயர் சல்லிமேல் ஓட வேண்டியது.

வரலாற்றைப் பார்த்தால் சுகமா வேகமா என்ற இந்தச் சண்டை முதல் நாளிலேயே தீர்ந்துவிட்டது. 1887–88-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைச் செய்தது பந்தயத்துக்காக இல்லை. அவருடைய சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிளில் குலுங்காமல் போக வேண்டும் என்பதற்காக. சுகத்துக்காகச் செய்த பொருள். அடுத்த வருடமே வில்லி ஹியூம் என்பவர் அதே ஊரில் அந்தப் பருத்த டயரைப் போட்டுக்கொண்டு பந்தயத்தில் இறங்கினார். கெட்டி ரப்பர் டயர்க்காரர்களைத் தோற்கடித்தார். குலுக்கலைக் குறைக்கப் பிறந்த டயர்தான் வேகத்திலும் ஜெயித்தது. அதைப் பிற்பாடு பிடித்துக் கல்லாக்கியது நாம்.

பிரான்சில் பாரிஸ் – ரூபே என்று ஒரு பந்தயம். கல் பாவிய பழைய பாதைகளில் ஓட்ட வேண்டியது. 2024-இல் அதை வென்ற மாத்யூ வான் டெர் பூல் ஓட்டியது 32 மில்லிமீட்டர் டயரில். சராசரி மணிக்கு 47 கிலோமீட்டருக்கு மேல்; அதுவரை நடந்த பாரிஸ் – ரூபேக்களில் அதுவே மிக வேகமானது. நல்ல தார்ச்சாலைப் பந்தயங்களிலும் 23-ஐ விட்டு 25-க்கும், 28-க்கும், அதற்கு மேலும் போய்விட்டார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு வேகத்துக்காகவே வாழ்கிறவர்கள் கைவிட்ட டயரை, வேலைக்குப் போய்வந்து ஞாயிற்றுக்கிழமை கடலோர மீமிசல் வரை மிதிக்கிறவன் ஏன் சுமக்க வேண்டும்?

நிபுணர் சொன்னார் என்பதற்காக நம்ப வேண்டாம். எங்கள் பக்கம் ரோடு கண்மாய்க் கரைமேல் ஏறி இறங்குகிற இடங்கள் உண்டு. அப்படி ஒரு சரிவில், காற்று அசையாத விடியற்காலையில், அக்கா மகனை நிறுத்தினேன். உச்சியிலிருந்து மிதிக்காமல் உருள வேண்டும், நிற்கிற இடத்தில் செங்கல் வைக்க வேண்டும். முதலில் 110 பிஎஸ்ஐயில் மூன்று தடவை. பிறகு அதே டயரில் 85-க்கு இறக்கி மூன்று தடவை. இரண்டாவது செங்கல் நான்கைந்து சைக்கிள் நீளம் தள்ளி நின்றது. "மெதுவாப் போற மாதிரி இருந்துச்சே மாமா" என்றான். அதுதான் விஷயம். அதிர்வை வேகம் என்று உடம்பு தப்பாகப் படித்துப் பழகிவிட்டது. கிடுகிடுவென்று ஆடும் பழைய டவுன் பஸ் ஐம்பதில் போனாலும் எண்பது போலத் தோன்றும். குலுக்கல் நின்றால் வேகமும் நின்றதாக நினைக்கிறோம்.

எடைக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் முதலில் செய்வது சைக்கிளைத் தூக்கிப் பார்ப்பது. ஒரு கிலோ குறைக்கப் பத்தாயிரம், இருபதாயிரம் கூடக் கொடுக்கிறார்கள். சமதரையில் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு கிலோ மிச்சப்படுத்துவது அரை வாட்டுக்கும் குறைவு. டயரைப் பாருங்கள்: தடித்த மலிவு டயரைக் கழற்றிவிட்டு, விலா மெல்லியதாக, துணி போல மடங்கும் நல்ல டயர் இரண்டு போட்டால் பத்து வாட் வரை மிச்சமாகும். நம் வட்டாரத்தில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளப் பாலமும் கண்மாய்க் கரையும்தான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப் போகிறவருக்கு எடை பேசும். அங்கேயும்கூட எண்பது கிலோவில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடம்தான் லாபம்.

உண்மையான எதிரி காற்று. முப்பதில் போகும்போது சமதரையில் காலின் உழைப்பில் முக்கால் பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. அதில் பெரும்பகுதி சைக்கிளால் வருவதில்லை, உடம்பால் வருவது. மத்தியானத்துக்கு மேல் மீமிசல் பக்கம் கடலை நோக்கி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். கடல் காற்று எதிர்த்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அப்படியானால் ஹேண்டில்பாரைத் தாழ்த்தி முதுகை மடக்குவது சரிதானே என்பார்கள். எவ்வளவு நேரம் மடக்க முடியும்? பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்து, கையை நீட்டி நிமிர்ந்து உட்கார்கிறவன் மீதி ஐம்பது நிமிடமும் பாய்மரம் மாதிரி போகிறான். ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்தில், அல்லது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இருந்து, முழங்கையை மடித்து ஒரு மணி நேரம் குனிந்திருக்க முடிகிறவன் அவனைத் தாண்டிப் போவான். தாங்க முடியாத நிலை வேகமான நிலை ஆகாது.

வேகத்துக்கு வலிதான் விலை என்ற நம்பிக்கை பெண்களைத்தான் அதிகம் வெளியே தள்ளுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் கோபம் வருகிறது. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து சைக்கிளும் கிராமம் கிராமமாகப் போனது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்த மாவட்டத்தில் இன்று ஒரு பெண் வேகமான சைக்கிள் கேட்டுப் போனால், "ரேஸ் சைக்கிள் உங்களுக்கு ஒத்துவராதும்மா, முதுகு வலிக்கும்" என்கிறார்கள். ஒத்துவராதது ரேஸ் சைக்கிள் இல்லை. ஐந்தடி இரண்டங்குலப் பெண்ணுக்கு ஐந்தேமுக்கால் அடி ஆணுக்கான ஃபிரேமைக் காட்டுவதுதான். சின்ன ஃபிரேம், குட்டை ஸ்டெம், குறுகிய ஹேண்டில்பார், இடுப்பு எலும்பின் அகலத்துக்கு ஏற்ற சீட் இருந்தால் வலி என்ற பேச்சே எழாது.

வலி வேண்டாம் என்றால் எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) எடு என்கிறார்களே, அதுவும் இதே நோயின் மறுபக்கம். நடுத்தர விலையில் வரும் சஸ்பென்ஷன் ஃபோர்க் கனமானது. மிதிக்கும்போதெல்லாம் அமுங்கி எழுந்து வேகத்தைத் தின்னும். முள் முள்ளான டயர் தாரில் இரைந்துகொண்டு ஓடும். அகலம் மட்டும் போதாது. வழுவழுப்பான, இளகிய டயரின் அகலம் வேண்டும்.

அக்கா மகன் இரண்டு வருடச் சேமிப்பில் அறுபதாயிரம் வைத்திருக்கிறான். பாண்டியனின் பொன்னோடு குதிரை வாங்க வந்த மாணிக்கவாசகர் மனம் மாறி நின்ற ஊர் எங்களுடையது. வாகனம் வாங்கக் கிளம்பியவன் நின்று யோசிப்பது இங்கே பழைய வழக்கம். யோசிக்கச் சொன்னேன். அலுமினிய ஃபிரேமும் கார்பன் ஃபோர்க்கும் போதும், முழுக் கார்பனுக்குக் காசைக் கரைக்காதே. குலுக்கலைக் குடிக்கும் வேலையில் பெரும்பங்கு டயருடையது, ஃபிரேமுடையது இல்லை. கியர் எட்டா ஒன்பதா என்பது முக்கியமில்லை, முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் எதிர்காற்றிலும் முட்டி தப்பும். மிச்சம் பிடித்த நாலாயிரம் ஐயாயிரத்தை டயரில் போடு. 32 டயரில் உன் எடைக்கு முன்னால் 50, பின்னால் 55 பிஎஸ்ஐ. 28 என்றால் 70 பக்கம். ஒல்லி டயரில் இந்த அளவுக்கு இறக்கிவிடாதே: பள்ளத்தில் ரிம் டியூபைக் கடித்து இரட்டை ஓட்டை போட்டுவிடும். ஒல்லி டயர் கல்லாக இருக்க வேண்டிய கட்டாயமே அதனால்தான். சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த டயரும் முழுக் காவல் இல்லை. பஞ்சர் சாமான் பையில் இருக்கட்டும்.

போன ஞாயிறு திருச்சிக்குப் போனோம். கடைப் பையன் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "பாருங்கண்ணே, ஒன்பது கிலோதான்" என்றான். இவன் தூக்கிப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். நகம்கூட நுழையவில்லை. எழுந்து அடுத்த சைக்கிளுக்குப் போனான்.

"இதுல 32 போகுமாண்ணே?"

கடைப் பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். அதற்குள் விரல் இரண்டு பக்கமும் உள்ளே போயிருந்தது.